மூன்றாம் பந்து

ஜீப் நின்றதும் பிரிஸ்கா முதலில் கையில் எடுத்தது ரசமட்டத்தைத்தான். கொத்தனார்கள் சுவர் கட்டும்போது வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி அங்கும் இங்கும் ஓடுமே, அதே சாமான். ஆட்டத்தில் கைத்திறமையை அளக்கும் இரண்டு கோடி ரூபாய்க் கைமானி பின்சீட்டில் மெத்தை வைத்த பெட்டிக்குள் சொகுசாகப் படுத்திருந்தது. இருந்தாலும், எந்த மிஷினையும் அளக்கும் முன்னால் அது எப்படி நிற்கிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு அளவைத் துறையில் முதல் பாடம். ஒன்பது வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு மிஷின்களை அவள் அளந்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் முதலில் ரசமட்டம், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இது முந்நூற்றுப் பதின்மூன்றாவது. மணப்பாட்டுக்கு வடக்கே, ஏவுதளத்து விண்வெளிப் பயணிகளுக்காகக் கட்டிய மன்றத்தில் கிடக்கும் பின்பால் மிஷின். இந்தக் கோப்பை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். உண்மையைச் சொல்லப்போனால், இந்த வேலையில் அவள் சேர்ந்ததே இந்த ஒரு கோப்புக்காகத்தான்.

சட்டம் ரொம்ப எளிது. டோக்கன் போட்டு ஆடும் எந்த ஆட்டமாக இருந்தாலும், ஜெயிப்பதில் ஆடுகிறவனின் கைக்குப் பாதிக்கு மேல் பங்கு இருக்க வேண்டும். இருந்தால் அது விளையாட்டு, பிழைத்துப் போகலாம். பாதிக்குக் கீழே போனால் அது சூதாட்டம். சூதாட்ட மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் தகரமாக நசுக்கிவிடுவார்கள். மேல்முறையீடு கீல்முறையீடு எதுவும் கிடையாது.

தன் வீட்டு ஆட்கள் ஆடிய மிஷினை ஒருவர் அளக்கக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. ஆனால் கோப்பில் ஆட்டக்காரர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். இந்த மிஷினில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் 'பயணி எண் ஏழு' என்று போட்டிருந்தது. ஏழு யாரென்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பிரிஸ்காவுக்குத் தெரியும். தாலி கட்டியவனைத் தெரியாமல் போகுமா?

மன்றத்துக் காவலாளி கஸ்பார் கதவைத் திறந்துவிட்டு, ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். அறுபதைத் தாண்டிவிட்டது, வேட்டியை மடித்துக் கட்டும் தோரணை மட்டும் மாறவில்லை. ஒன்பது வருடமாக ஏன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்பாரோ என்று பயந்துகொண்டே வந்தாள். அவர் கேட்கவில்லை. வராண்டாவில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைக் காட்டி, அடுத்த வாரம் கூடம் முழுக்க டைல்ஸ் போடப்போகிறார்கள் என்றும், இருபது வருடமாக மேடும் பள்ளமுமாகக் கிடந்த தரைக்கு இப்போதுதான் விடிவுகாலம் வந்தது என்றும் பெருமையாகச் சொன்னார். மணல்மேல் அவசரமாகக் கட்டிய கட்டடம் அது. கட்டிய மறுவருடமே தரை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. தண்ணீரைக் கொட்டினால் அதுவாக இடது மூலைக்குப் போய்விடும்.

மிஷின் அதே மூலையில் நின்றது. கண்ணாடிக்குக் கீழே சாய்ந்த பலகை, பந்தைத் தள்ளிவிடும் வில்கம்பி, அடியில் இரண்டு துடுப்புகள். எஃகுப் பந்து மேலேயிருந்து முட்டி மோதி இறங்கி வரும். துடுப்பால் அதைத் திருப்பி மேலே அடிக்க வேண்டும். தப்பினால் துடுப்புகளுக்கு நடுவே உள்ள குழிக்குள் விழுந்து பந்து தொலைந்துவிடும். பலகையின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் வரைந்திருந்தது. அதற்கு ஏறிப்போகும் ஒடுங்கிய பாதையில் பந்து சரியாக நுழைந்தால் விளக்கு எரியும். அதுதான் ஜெயிப்பு. கஸ்பார் இந்த இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அந்த விளக்கை எரிய வைத்ததில்லை.

அவள் புருஷன் இன்னாசி பத்துக்கு ஏழு தடவை எரிய வைப்பான்.

பிரிஸ்கா ரசமட்டத்தைக் கண்ணாடிமேல் வைத்தாள். இடது பக்கம் பாதிப் பாகைக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கியிருந்தது. குறித்துக்கொண்டாள். பிறகு, கஸ்பார் டீ போடப் போன சமயம் பார்த்து, தரையில் மண்டியிட்டு முன்பக்கத்து இடதுகாலின் அடியில் விரலை விட்டுத் துழாவினாள். தூசிதான் வந்தது. ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை பெருக்கியிருப்பார்கள், இருக்குமா என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

அவள் தேடியது ஒரு காகிதத்தை. அதன் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஏவுதளத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாருமே பெரிய படிப்புப் படித்தவர்கள். ஆனால் இன்றைக்கு யார் டீ வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டை யார் பார்ப்பது, பிள்ளைக்கு யார் வீட்டுப் பெயரை வைப்பது என்று எதிலாவது இழுபறி வந்துவிட்டால் நேராக இந்த மிஷினிடம் வந்துவிடுவார்கள். ஒரு டோக்கனுக்கு மூன்று பந்து. முதல் இரண்டும் விளையாட்டுக்கு. மூன்றாவது பந்துதான் தீர்ப்பு. விளக்கு எரிந்தால் ஒன்று, எரியாவிட்டால் மற்றொன்று. மூன்றாம் பந்து சொன்னதை யாரும் மறுத்துப் பேசக் கூடாது. அதற்குப் பிறகு முணுமுணுக்கவும் கூடாது.

சனிக் கோளின் நிலவுக்குப் போகும் கலத்தில் இன்னாசி மாற்று ஆள்தான். போக வேண்டியவர் வேறொருவர். பத்தொன்பது வருடப் பயணம், போக எட்டு, அங்கே மூன்று, திரும்ப எட்டு. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அந்த மனிதர் மாடிப்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். இன்னாசிக்கு ஆள் வந்தது. மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும். சனி பிடிச்சவனைப் பாத்திருக்கோம், சனியைப் பிடிக்கப் போறவனை இப்பத்தான் பாக்கோம் என்று ஊரெல்லாம் கேலி.

வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. நீயே சொல்லு என்றான் அவன். நீங்களே சொல்லுங்க என்றாள் அவள். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால், நாற்பது வயதில் ஐம்பது வயதில், வானத்தைப் பார்க்கும் போதெல்லாம் இவளால்தானே என்று அவன் மனதுக்குள் நினைக்க மாட்டானா? அவனுக்கும் அப்படி ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான் என்ற பேச்சுக்குப் பயந்தானோ என்னவோ. இரண்டு பேரும் இரண்டு நாளாகச் சோற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். கடைசியில் அவன்தான் சொன்னான், மூன்றாம் பந்திடம் விட்டுவிடுவோம் என்று. விளக்கு எரிந்தால் இருப்பது, எரியாவிட்டால் போவது.

அதைக் கேட்டதும் பிரிஸ்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்துக்கு ஏழு தடவை எரிய வைக்கிறவன், எரிந்தால் இருக்கிறேன் என்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இருக்கத்தான் விரும்புகிறான். வாயால் சொல்லாமல் பந்தால் சொல்லப்போகிறான்.

ஆனாலும் பத்தில் அந்த மூன்று அவளைத் தூங்கவிடவில்லை. புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லாம் பந்து இடது பக்கமே இழுக்கிறது என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை அவனுக்கு முன்னாலேயே மன்றத்துக்குப் போய், பையில் கிடந்த கோயில் திருவிழா நோட்டீஸை எட்டாக மடித்து, இடதுகாலை லேசாகத் தூக்கி அடியில் செருகினாள். மிஷின் நேராக நின்றது. இனி பத்துக்குப் பத்து என்று மாதாவைக் கும்பிட்டுக்கொண்டாள்.

அவன் வந்தான். முதல் பந்து சீக்கிரம் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. அவனுக்கு வியர்த்தது. மூன்றாவது பந்தை இடது துடுப்பில் ஏந்தி, ஒரு மூச்சு நிறுத்தி, அடித்தான். பந்து மேலே போய்ப் பாதையின் ஓரத்தில் இடித்து, வந்த வேகத்தில் நேராக நடுக்குழிக்குள் விழுந்தது. விளக்கு எரியவில்லை.

பிரிஸ்கா வெளியே மணலுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல், "சரி ட்டி, போயிட்டு வாரேன்" என்றான். அவளும், "சரி" என்றாள்.

பெற்றவளிடம்கூட அவள் சொல்லாத விஷயம் இது. மிஷினை நேராக்கிக் கொடுத்தும் தோற்றான் என்றால், அது தோல்வியா? வேண்டுமென்றே விட்டிருக்கிறான். போக ஆசை, சொல்ல வெட்கம், பந்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். இந்த ஒரே நினைப்பை ஒன்பது வருடம் மென்றுகொண்டிருந்தாள். தொடக்கத்தில் அவனிடமிருந்து மாதம் ஒரு சேதி வரும். சாப்பாடு, உடம்பு, ஜன்னலில் தெரியும் நட்சத்திரங்கள். அவளும் சாப்பாடு, உடம்பு, மழை என்று பதில் போட்டாள். அந்தப் பந்தைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. நான்காவது வருடத்தோடு சேதிகள் நின்றுவிட்டன. கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு, ஆமாம் என்று அவன் சொல்லிவிட்டால்?

இன்றைக்குக் கைமானி சொல்லிவிடும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு எண். ஐம்பதுக்குக் கீழே ஏதாவது ஒன்று. பின்பால் வெறும் அதிர்ஷ்டம் என்று வந்துவிட்டால், மிஷின் நசுங்கிப் போகும், போகட்டும். அவன் இருக்கத்தான் முயன்றான், பந்துதான் கைவிட்டது என்றாகிவிடும். கைத்திறமை என்று வந்தால் மிஷின் பிழைக்கும். அவன் அவளை வேண்டாமென்று விட்டுப்போனது உறுதியாகிவிடும்.

கஸ்பார் டீயோடு வந்து, கைமானியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. அது எப்படி அளக்கும் என்று கேட்டார்.

"பயணிகளோட கை நிதானத்தப் பாக்கதுக்காக இந்த மிஷினுக்குள்ள அந்தக் காலத்துலயே சென்சாரெல்லாம் வச்சிருக்காவ. ஆடுன ஒவ்வொரு பந்தும் உள்ள பதிஞ்சிருக்கு" என்றாள். "இது அந்தப் பந்த எடுத்து, லட்சம் தடவ திரும்ப ஆடிப் பாக்கும். கைய அப்படியே வச்சிக்கிட்டு பந்த மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை மாத்தும். பெறவு கைய எடுத்துட்டு, கண்ணு தெரியாத ஒரு கைய வச்சி லட்சம் தடவ. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு உங்க கை. மிச்சம் அதிர்ஷ்டம்."

"எனக்குப் பாத்தா எவ்வளவு வரும்?"

"உங்களுக்கும் கண்ணு தெரியாத கைக்கும் வித்தியாசமே வராது அண்ணே."

அவர் சிரித்தார். பிறகு, இது அதிர்ஷ்டம்தான் என்று எழுதிவிட மாட்டாயே, இத்தனை பேரும் போன பிறகு இந்த மன்றத்தில் பேச்சுத்துணைக்கு இது ஒன்றுதான் இருக்கிறது என்றார். பிரிஸ்கா கைமானியை எடுத்து மிஷின் பக்கத்தில் வைத்தாள். வயரைச் செருகினாள்.

பயணி எண் ஏழு. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு பந்துகள். திரையில் மூன்று கட்டங்கள் தெரிந்தன. கை, அதிர்ஷ்டம், மேடை. மேடை என்பது மிஷின் நின்ற நிலையே ஆட்டத்தைக் கெடுத்திருந்தால் காட்டுவதற்கு. முந்நூற்றுப் பன்னிரண்டு மிஷின்களிலும் அந்தக் கட்டத்தில் பூஜ்யத்தைத் தவிர எதையும் அவள் பார்த்ததில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தானே அளக்கிறோம்?

நாற்பது நிமிடம் ஆயிற்று. கை அறுபத்தெட்டு. அதிர்ஷ்டம் முப்பத்திரண்டு. மேடை பூஜ்யம்.

கஸ்பார் எட்டிப் பார்த்துவிட்டு, "அறுவத்தெட்டுன்னா பாஸுதான?" என்றார்.

"பாஸுதான்."

அவர் சந்தோஷமாக மிஷினைத் தட்டிக் கொடுத்தார். பிரிஸ்கா மூன்று எண்களையும் குறித்துக்கொண்டாள். இத்தனை வருடமாகத் தெரிந்ததுதான், புதிதாக ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் இத்தனை வருடமும் ஓரத்தில் ஒரு சந்தேகம் இருந்ததே, அதைப் பிடித்துக்கொண்டுதானே காலையில் எழுந்து தலை சீவி வேலைக்குப் போனாள். அதுவும் இப்போது போயிற்று. அழுகை வருமென்று பார்த்தாள். வரவில்லை.

கோப்பை மூடிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு வீம்பு. செய்ததைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று, அந்தக் கடைசிப் பந்தை மட்டும் தனியாக எடுத்துக் கைமானியிடம் கொடுத்தாள். பந்து எண் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு. தவறியதற்குக் காரணம் என்ன?

கை, பூஜ்யம். அதிர்ஷ்டம், நான்கு. மேடை, தொண்ணூற்றாறு.

கைமானி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே எண்கள். விவரத்தைத் திறந்தாள். இந்தக் கை இதற்கு முன் விளக்கை எரிய வைத்த ஆயிரத்து இருநூறு சொச்சம் அடிகளோடு இந்த அடியும் ஒத்துப்போகிறது. இடம், வேகம், நேரம், எதிலும் பிசகில்லை. ஆட்டக்காரர் இடப்பக்கச் சாய்வைக் கணக்கில் வைத்து அடிக்கப் பழகியவர். இந்தப் பந்தின்போது மட்டும் சாய்வு இல்லை. வழக்கமான சாய்வு இருந்திருந்தால், லட்சம் தடவையில் தொண்ணூற்றோராயிரம் தடவை விளக்கு எரிந்திருக்கும்.

பிரிஸ்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் வேண்டுமென்றே விடவில்லை. அதிர்ஷ்டமும் கைவிடவில்லை. ஆயிரத்து எண்ணூறு பந்து ஆடி ஆடி அந்தக் கோணல் தரை அவன் கைக்குள் ஏறிப்போயிருந்தது. அன்றைக்கு உயிரைக் கொடுத்து ஒரு பந்தை அடித்தான், இங்கேயே இருப்பதற்காக. அதை வழிமாற்றிவிட்டது எட்டாக மடித்த ஒரு நோட்டீஸ். ஊரில் உள்ள மிஷினுக்கெல்லாம் முதலில் ரசமட்டம் வைத்துப் பார்த்தவளுக்கு, தான் செய்ததற்கு ஒரு தடவை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நல்லதுக்குச் செய்ததை யார் அளந்து பார்க்கிறார்கள்?

டீ ஆடை கட்டிப்போயிருந்தது. கஸ்பார் பதறிப்போய் என்னம்மா என்றார். குடும்ப அறையின் சாவி வேண்டும் என்றாள் பிரிஸ்கா.

பயணிகளின் குடும்பத்துக்கு மாதம் பத்து நிமிடம் பேசக் கொடுப்பார்கள். அவள் பெயரில் ஐந்து வருட நிமிடங்கள் அப்படியே கிடந்தன. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததும் முடியை ஒதுக்கிக்கொண்டாள், அதற்காக வெட்கப்பட்டாள், பிறகு சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"நான் பிரிஸ்கா பேசுதேன். அன்னைக்கு அந்த மூணாம் பந்து போனதுக்கு நான்தான் காரணம். காலைலயே வந்து இடதுகாலுக்கு அடியில ஒரு நோட்டீஸ மடிச்சி வச்சேன். நீங்க ஜெயிக்கணும்னுதான் வச்சேன். போகக் கூடாதுன்னு வச்சேன். வாயத் தொறந்து சொல்லியிருக்கணும், சொல்லல. நீங்க வேணும்னே தோத்துட்டுப் போயிட்டியன்னு இன்னைக்குவரைக்கும் உங்க மேல கோவமா இருந்தேன்."

அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒளி போய்ச் சேர ஒரு மணி இருபது நிமிடம். அவன் உடனே பார்த்து உடனே பதில் சொன்னாலும் திரும்ப ஒரு மணி இருபது நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு கஸ்பார் கூப்பிட்டார், பசியில்லை என்றாள். வராண்டாவில் டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். ஒரு மணி ஐம்பதுக்கு, இப்போது கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். என்ன செய்வார்? நீதானா என்று கத்துவாரா? ஒன்பது வருடத்தைத் தின்றுவிட்டாயே என்பாரா? என்ன சொன்னாலும் சரி, அந்தக் குரலை மறுபடி கேட்டால் போதும் என்று இருந்தது. கோபம் என்று அவள் இவ்வளவு நாள் பெயர் வைத்திருந்தது கோபமே இல்லை, ஏக்கம். அது அவளுக்கு அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும்போது நன்றாகவே தெரிந்தது.

மூன்று மணி பதினெட்டுக்குக் குடும்ப அறையில் மணி அடித்தது.

திரையில் இன்னாசி இருந்தான். எடையில்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு வருமே அந்த வீங்கின முகம், காதோரம் நரை. முதலில் கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையை எடுத்தான். அதற்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, கிழிந்துவிடாமல் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தான். எட்டு மடிப்பு. கோயில் திருவிழா நோட்டீஸ். அதைத் திருப்பிக் கேமராவுக்குக் காட்டினான். பின்பக்கம் அவளுடைய கையெழுத்து. சீலா மீன் அரைக் கிலோ, புளி, தேங்காய் இரண்டு, அவியளுக்கு சவர பிளேடு.

"பந்து போனதுமே மிஷின் மாறியிருக்குன்னு கைக்குத் தெரிஞ்சிட்டு" என்றான். "நீ வெளிய போன பெறவு குனிஞ்சி பாத்தேன். ஒன் எழுத்து. நான் சாய்வுக்குத் தக்கனதான் அடிப்பேன்னு ஒனக்குத் தெரியாம இருக்குமா, எத்தன நாளு பக்கத்துலயே நின்னுருக்க. அதான்... போங்கன்னு வாயால சொல்ல முடியாம, காலுக்கு அடியில வச்சி நீ சொல்லுதன்னு நெனச்சிட்டேன். நீ போகச் சொன்னன்னுதான் ட்டி நான் கெளம்புனேன்."

பிரிஸ்கா திரையைத் தொட்டாள். அவன் எண்பது நிமிடத்துக்கு முன்னால் பேசியதற்கு இவள் இப்போது தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவன் பைக்குள் வைத்துக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான். "அந்தப் பந்த நான் நல்லாத்தான அடிச்சேன்?" என்றான். "இன்னும் பத்து வருசம் இருக்கு. அந்த மிஷின் இருக்கா? இருந்துச்சின்னா அப்படியே வச்சிரு. வந்து ஒரு டோக்கன் போடணும்."

திரை அணைந்த பிறகும் அவள் அங்கேயே இருந்தாள். இப்போது அழுகை வந்தது. அழுது முடித்து, முகத்தைக் கழுவி, மீதமிருந்த நிமிடங்களில் பதில் சொன்னாள். நல்லா அடிச்சிய, லட்சத்துக்குத் தொண்ணூற்றோராயிரம் என்று சொன்னாள். சீலா மீன் இப்போது கிலோ என்ன விலை என்றும் சொன்னாள். இனி மாதா மாதம் பேசுகிறேன் என்றாள்.

கூடத்துக்கு வந்து சான்றிதழ்ப் படிவத்தை எடுத்தாள். கஸ்பார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கைப்பங்கு அறுபத்தெட்டு. வகை, விளையாட்டு. அதற்குக் கீழே நிபந்தனைகள் என்று ஒரு கட்டம் உண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு மிஷின்களுக்கும் அவள் அதில் கோடு போட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை எழுதினாள். இயந்திரத்தை அளந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. ஆடுபவரைத் தவிர வேறு யாரும் அதன் கால்களைத் தொடக் கூடாது. தரையின் இடப்பக்கச் சாய்வை எக்காரணம் கொண்டும் சரிசெய்யக் கூடாது.

"என்னம்மா இது, டைல்ஸ் வந்து எறங்கிட்டே" என்றார் கஸ்பார்.

"செவுத்துல ஒட்டச் சொல்லுங்க அண்ணே."

அவர் புரியாமல் மிஷினையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிரிஸ்கா ரசமட்டத்தைக் கடைசியாக ஒரு தடவை கண்ணாடிமேல் வைத்தாள். குமிழி காலையில் நின்ற அதே இடத்தில் நின்றது. நிபந்தனையின் காலம் என்ற இடத்தில் பத்து ஆண்டுகள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.